சருகைக் கொளுத்தாதீங்க, குப்பைக்கு அதுதான் மருந்து

மாசி, பங்குனி வந்தால் வேலூர்த் தெருக்களில் காலையிலேயே புகை வாசம் அடிக்கும். புங்கமும் வேம்பும் உதிர்த்த சருகைக் கூட்டி வாசலிலேயே கொளுத்திவிடுகிறோம். அதே வீட்டிலிருந்து காய்த்தோல், டீத்தூள், மிஞ்சின சோறு எல்லாம் ஒரே கவரில் முடிச்சுப் போட்டு வெளியே போகிறது. இந்த இரண்டும் ஒரே வாளியில் சேர்ந்து உரமாக வேண்டியவை. சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று மூங்கில் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா காசு போட்டு வாங்குவதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஈரக்குப்பை பெரிய குவியலுக்கு அடியில் காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் கிளம்பும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கார்பன் டை ஆக்ஸைடைவிட ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றும் வாயு அது. காற்று கிடைத்தால் அதே குப்பை மண்ணாகிவிடும்.

நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு 20 லிட்டர் பெயிண்ட் வாளி நாலு வேண்டும். பழைய வாளியே போதும், நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். அடியில் பத்து ஓட்டை, பக்கவாட்டில் சுற்றிலும் இருபது ஓட்டை, சுண்டுவிரல் நுழையாத அளவுக்கு. செங்கல் மேல் தூக்கி வைத்து, கீழே ஒரு தட்டு. அடியில் மூன்று அங்குலம் தேங்காய் நார், அதன் மேல் ஒரு பிடி பழைய சாணம் அல்லது அரை டம்ளர் புளித்த மோர். பிறகு தினமும் ஒரு பங்கு காய்க்கழிவுக்கு இரண்டு பங்கு நொறுக்கிய சருகு. இந்த அளவில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். சருகு தீர்ந்துபோகும், வெறும் தோலைப் போடுவார்கள், நாலாம் நாள் நாறும், "இதெல்லாம் நமக்குச் சரிவராது" என்று வாளியைத் தூக்கிப் போடுவார்கள். அதனால்தான் பங்குனியிலேயே நாலைந்து கோணி சருகைக் கட்டி, நனையாத இடத்தில் வைக்கச் சொல்கிறேன்.

மூன்று நாளைக்கு ஒருமுறை அடிவரை கிளறுங்கள். உள்ளே இருப்பதை ஒரு கை அள்ளிப் பிழிந்து பாருங்கள். உள்ளங்கை ஈரமாக வேண்டும், சொட்டக்கூடாது. சொட்டினால் சருகு போடுங்கள். அழுகின முட்டை வாசம் வந்தால் காற்று போதவில்லை. மூக்கைக் குத்தும் அமோனியா வாசம் வந்தால் பச்சைக்கழிவு அதிகம். இரண்டுக்கும் சருகும் கிளறலும்தான் வைத்தியம். எறும்பு ஏறினால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். கத்திரி வெயிலில் நம் ஊரில் இது கட்டாயம் நடக்கும். வாளியை நிழலுக்கு மாற்றி, அரிசி கழுவின தண்ணீரை ஒரு டம்ளர் தெளியுங்கள். தடித்த புழு நெளிந்தால் பயப்படாதீர்கள், அது ஈரம் அதிகம் என்று சொல்கிறது, அவ்வளவுதான்.

விருந்து முடிந்து வாழை இலையை முழுசாகப் போடாதீர்கள். ஒன்றின் மேல் ஒன்று படிந்து பாய் விரித்த மாதிரி காற்றை அடைத்துவிடும், கிழித்துப் போடுங்கள். எலும்பு, எண்ணெய்க் குழம்பு, ஊறுகாய் வேண்டாம்.

ஒரு வாளி நிறைய இரண்டு வாரம் பிடிக்கும். நாலாவது நிறையும்போது முதல் வாளி கறுத்து, மழை பெய்த மண் வாசத்தோடு சலிக்கத் தயாராக இருக்கும்.

தண்ணீர் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பாலாறு வறண்டு, மேட்டூரிலிருந்து காவிரித் தண்ணீரை மின்சாரம் செலவழித்துக் குழாயில் கொண்டுவருகிற ஊர் இது. வீட்டு ஆர்.ஓ. மெஷின் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும். அந்தக் குழாயின் கீழே ஒரு குடம் வையுங்கள். வீடு துடைக்க, கழிப்பறைக்கு ஊற்ற அது போதும். செடிக்கு மட்டும் தினமும் ஊற்றாதீர்கள், போர் தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் அதில்தான் செறிந்திருக்கிறது, தொட்டி மண் வெள்ளை பூத்துவிடும்.

மின்சாரத்துக்கும் ஒன்று: மின்விசிறி கெட்டுப்போய் மாற்றும்போது, கரண்ட் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. மோட்டார் விசிறியாக வாங்குங்கள். பழையது 75 வாட் என்றால் இது 30 வாட்டுக்குள் ஓடும். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் ஒரு விசிறிக்கு 32 யூனிட் குறையும். நன்றாக ஓடுகிறதைக் கழற்றி எறிய வேண்டாம்.

மறுபடி வாளிக்கு வருவோம். சலித்த உரத்தைச் செடித்தொட்டியில் அப்படியே நிரப்பாதீர்கள். மண் மூன்று பங்குக்கு உரம் ஒரு பங்கு. முள்ளு கத்திரி வைத்திருந்தால் வேரை ஒட்டாமல், தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி, மாதம் இரண்டு பிடி.