வெள்ளைக் குதிரை விடுதியில் கேட்காமல் போன ஓசை

வெர்னர் யாக்கப்ஸ் 1960இல் இயக்கிய ‘இம் வைஸன் ரோசல்’ என்ற ஜெர்மன் மொழிப் படத்தை மூன்று முறை பார்த்திருக்கிறேன். மூன்று முறையும் சிரித்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆஸ்திரியாவின் வோல்ஃப்காங் ஏரிக்கரையில் இன்றும் நடந்துவரும் ‘வெள்ளைக் குதிரை’ விடுதிதான் களம். விடுதிக்காரி யோசெஃபாவைத் தலைமை சர்வர் லியோபோல்ட் உருகி உருகிக் காதலிக்கிறான். அவள் கண்ணோ அங்கே தங்க வரும் வழக்கறிஞர் சீட்லர் மீது. பீட்டர் அலெக்சாண்டர் லியோபோல்டாக வந்து பாடத் தொடங்கிவிட்டால் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது.

ஆனாலும் குறை சொல்லத்தான் இந்தப் பதிவு. மலையும் ஏரியும் கலந்த கள்ளமற்ற பழங்கால இனிமை என்று இப்படத்தைக் கொண்டாடுகிறவர்கள், இதன் மூலமான ஆபரெட்டா (பாட்டும் நகைச்சுவையும் கலந்த மேடை இசைநாடகம்) 1930 நவம்பரில் பெர்லினில் மேடையேறியபோது எப்படி ஒலித்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். ரால்ஃப் பெனாட்ஸ்கி முதலியோரின் அந்த இசையில் மலைநாட்டுத் தந்தி வாத்தியமான ஸிதரோடு ஜாஸ் குழுவின் சாக்ஸபோனும் பாஞ்சோவும் மல்லுக்கு நிற்கும். நகரத்தான் கிராமத்தைத் தேடி வருகிறான், கிராமம் அவனுக்காக வேடம் கட்டி நிற்கிறது என்ற கிண்டல் அந்த மோதலில்தான் இருந்தது. படம் அந்தக் கிண்டலை வடிகட்டிவிட்டு, கிண்டலுக்கு ஆளான சுற்றுலாவுக்கே விளம்பரமாகிவிட்டது. (விளம்பரம் அழகாகவே இருக்கிறது, அது வேறு.)

நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியில் இந்த ஆபரெட்டாவுக்கு இடமில்லாமல் போனது. மேடையில் இதை உருவாக்கிய எரிக் ஷாரெல் யூதர். ‘அழகாயிருப்பதற்கு சிகிஸ்முண்ட் என்ன செய்வான்’ என்று ஒரு வழுக்கைத் தலையனுக்குப் பாட்டெழுதிய ராபர்ட் கில்பர்ட்டும் யூதர். இருவரும் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. போருக்குப் பின் அரங்குகளில் புழங்கியது முனை மழுக்கப்பட்ட இசைக்கோப்பு. குரோவேஷியாவின் சாக்ரெப் நகரில் கிடைத்த பழைய இசைத்தாள்களைக் கொண்டு 2009இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் மீண்டும் நிகழ்த்திய பிறகுதான் பழைய துடுக்கு காதில் விழுந்தது.

ஆபரெட்டாவில் கீசெக்கே என்றொரு பெர்லின் தொழிலதிபர் வருவார். எதைக் கண்டாலும் முகம் சுளித்து, இதற்குப் பேசாமல் பால்டிக் கரையிலுள்ள ஆல்பெக்குக்கே போயிருக்கலாம் என்று அலுத்துக்கொள்வார். அந்த வேடத்தை 1930இல் ஏற்றவர் ஓட்டோ வால்பர்க். அவர் 1944இல் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமில் கொல்லப்பட்டார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான்காம் முறை படத்தைப் போட்டேன். கீசெக்கே வந்ததும் நிறுத்திவிட்டேன்.