பாட்டக்கெட் அணியை அந்த ஊரே வாங்கியிருக்க வேண்டும்

ஒரு விளையாட்டு அணி யாருக்குச் சொந்தம் என்று கேட்டால், பத்திரத்தில் யார் பேர் இருக்கிறதோ அவருக்குத்தான் என்பார்கள். சட்டப்படி அது சரி. ஆனால் பாட்டக்கெட் ரெட் சாக்ஸ் என்ற பேஸ்பால் அணியின் கதை தெரிந்த பிறகு அந்தப் பதிலை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அமெரிக்காவிலேயே சின்ன மாநிலம் ரோட் ஐலண்ட். அங்கே இருக்கும் மில் ஊர் பாட்டக்கெட். சாமுவேல் ஸ்லேட்டரின் நூற்பாலை 1793இல் அங்குதான் எழுந்தது; அமெரிக்கத் தொழிற்புரட்சி தொடங்கிய இடம் என்று பாடப் புத்தகங்கள் சொல்வது இந்த ஊரைத்தான். இருபதாம் நூற்றாண்டில் மில்கள் ஒவ்வொன்றாகத் தெற்கே போய்விட, ஊர் நொடித்துப்போனது. பெருமை சொல்லிக்கொள்ள மிஞ்சியது மெக்காய் ஸ்டேடியமும் அதில் ஆடிய அணியும்தான்.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே மேஜர் லீக், அதில் 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே படிப்படியாக மைனர் லீக் அணிகள் உண்டு. அதில் உச்சிப் படி டிரிபிள் ஏ. பாஸ்டன் ரெட் சாக்ஸின் டிரிபிள் ஏ அணி 1973 முதல் பாட்டக்கெட்டில் இருந்தது. வீரர்களுக்குச் சம்பளம் கொடுப்பதும், யாரை மேலே கூப்பிடுவது, யாரைக் கீழே அனுப்புவது என்று முடிவு செய்வதும் பாஸ்டன். டிக்கெட் விற்பதும் கூட்டம் சேர்ப்பதும் உள்ளூர் முதலாளி.

அந்த உள்ளூர் வேலை படுமோசமாக நடந்து அணி திவாலாகிக் கிடந்தபோது, 1977இல் பென் மாண்டோர் அதை வாங்கினார். கியூபெக்கில் பிறந்தவர், ஜவுளி மில் தொழிலில் சம்பாதித்து ஓய்வு பெற்றவர். அந்த வருடம் அணி லீக்கில் முதலிடம் பிடித்தும், சீசன் முழுக்கச் சேர்த்து வந்த கூட்டம் 70,000 பேர்தான். மாண்டோர் மலிவான டிக்கெட்டைத் தொடர்ந்து மலிவாகவே வைத்தார், வண்டி நிறுத்தக் காசு வாங்கவில்லை, குடும்பத்தோடு வரலாம் என்ற நம்பிக்கையை உண்டாக்கினார். 2005 சீசனில் வந்தவர்கள் 6,88,000க்கும் மேல். ஊரின் ஜனத்தொகையே 70,000 சொச்சம்தான்!

மெக்காயில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அங்கே வீரர்கள் உட்காரும் இடம் பார்வையாளர் வரிசைக்கு நேர் கீழே, தரை மட்டத்தில் இருந்தது. மேலே இருக்கும் பிள்ளைகளுக்கு அவர்கள் முகம்கூடத் தெரியாது, கை எட்டாது. அதனால் பால் வாங்கிய பிளாஸ்டிக் கேனின் ஒரு பக்கத்தை வெட்டி, உள்ளே ஒரு பந்தும் பேனாவும் போட்டு, கயிறு கட்டிக் கீழே இறக்குவார்கள். வீரர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கயிற்றை லேசாக இழுத்தால் கேன் மேலே போகும். தலைமுறை தலைமுறையாக நடந்த பழக்கம் இது. வேட் பாக்ஸ், ரோஜர் கிளெமன்ஸ், மூக்கி பெட்ஸ் என்று பின்னால் பெரிய ஆட்களான எத்தனையோ பேர் இந்த மைதானத்தைத் தாண்டித்தான் பாஸ்டனுக்குப் போனார்கள்.

அப்புறம் அந்த ஆட்டம். 1981 ஏப்ரல் 18, ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை இரவு. எதிரணி ராச்செஸ்டர் ரெட் விங்ஸ். விளக்குக் கோளாறால் அரை மணி நேரம் தாமதமாகத்தான் ஆட்டமே தொடங்கியது. பேஸ்பாலில் 9 இன்னிங்ஸ்; இரு அணியும் ஒருமுறை பேட் பிடித்தால் ஒரு இன்னிங்ஸ். சமமாக இருந்தால் முடிவு தெரியும்வரை ஆட வேண்டும். நள்ளிரவுக்கு மேல் புது இன்னிங்ஸ் தொடங்கக்கூடாது என்ற லீக் விதி, அந்த வருடம் நடுவர்களுக்குக் கொடுத்த கையேட்டில் எப்படியோ விடுபட்டுப்போயிருந்தது. நிறுத்த அதிகாரம் இல்லாமல் ஆடிக்கொண்டே இருந்தார்கள். எலும்பைத் துளைக்கும் குளிர். உடைந்த பேட்களை இரும்புப் பீப்பாயில் போட்டு எரித்துக் குளிர் காய்ந்தார்கள். 21ஆவது இன்னிங்ஸில் ராச்செஸ்டர் ஒரு ரன் எடுத்து முந்தியது. வேட் பாக்ஸ் அடித்து மறுபடி சமமாக்கினார். சொந்த அணிக்காரர்களுக்கே அவரைக் கட்டிப்பிடிப்பதா, அடிப்பதா என்று தெரியாத நிலை. கடைசியில் லீக் தலைவரைத் தொலைபேசியில் பிடித்து, அதிகாலை 4:07க்கு, 32 இன்னிங்ஸ் முடிந்து 2-2 என்ற நிலையில் நிறுத்தினார்கள். அப்போது மைதானத்தில் மிச்சமிருந்த ரசிகர்கள் 19 பேர்!

ஜூன் 23 அன்று மீதி ஆட்டம். மேஜர் லீக் வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்த நேரம் என்பதால் நாடே பாட்டக்கெட்டைப் பார்த்தது. 18 நிமிடத்தில், 33ஆவது இன்னிங்ஸில் டேவ் கோசா அடித்த அடியில் மார்ட்டி பாரெட் ஓடி வந்து 3-2 என்று முடிந்தது. தொழில்முறை பேஸ்பால் வரலாற்றில் இதைவிட நீண்ட ஆட்டம் கிடையாது. அன்று ராச்செஸ்டருக்கு ஆடிய கால் ரிப்கனும், பாக்ஸும் பின்னாளில் பேஸ்பாலின் மிகச் சிறந்த வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனார்கள். வெற்றி அடியை அடித்த கோசா ஒரு மேஜர் லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. பாட்டக்கெட்காரர்களுக்கு அதனால் அவர்மேல் பாசம் குறையவும் இல்லை.

மாண்டோர் 2010இல் இறந்தார். 2015இல் அணி புது முதலாளிகள் கைக்குப் போனது. அவர்கள் வந்ததும் கேட்டது புது மைதானம், அதுவும் அரசுப் பணத்தோடு. முதலில் பக்கத்து நகரமான பிராவிடன்ஸுக்குப் போகப் பார்த்தார்கள், நடக்கவில்லை. பிறகு பாட்டக்கெட்டிலேயே ஒரு திட்டம். மாநிலத்துக்காரர்கள் தயங்கினார்கள். அதில் நியாயம் இருந்தது: முன்னாள் ரெட் சாக்ஸ் வீரர் கர்ட் ஷில்லிங்கின் வீடியோ கேம் நிறுவனத்துக்கு 7.5 கோடி டாலர் கடனுக்குப் பொறுப்பேற்று, அது 2012இல் திவாலாகி, சூடு பட்டிருந்தார்கள். மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2018 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. அணி மாசசூசெட்ஸின் வூஸ்டருக்குப் போகிறது. 2020இல் மெக்காயில் கடைசி சீசன் ஆடி விடைபெறுவதாக ஏற்பாடு. கோவிட் வந்து அந்த சீசனே ரத்து. இத்தனை வருடம் கூடவே இருந்த ஊருக்கு ஒரு கடைசி ஆட்டம்கூடக் கிடைக்காமல் போனது எனக்கு இன்னும் மனதை அறுக்கிறது. 2025இல் மெக்காயை இடிக்கத் தொடங்கினார்கள். அந்த இடத்தில் உயர்நிலைப் பள்ளி வருகிறது. பள்ளி வருவது நல்லதுதான்.

இப்போது எதிரணியைப் பாருங்கள். ராச்செஸ்டருக்கும் 1956 முடிவில் இதே கதி வந்தது. அணியின் உரிமையாளரான செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் என்ற மேஜர் லீக் அணி கையை விரித்துவிட்டது. மோரி சில்வர் என்ற உள்ளூர் வணிகர் ஊர் மக்களிடமே பங்கு விற்றார். 8,222 பேர் வாங்கினார்கள். 1957இல் அணி அவர்களுக்குச் சொந்தமானது. இன்றும் அதே ஊரில், அதே பேரில் ஆடுகிறது. அதற்குப் பிறகு மேலே இருக்கும் மேஜர் லீக் அணி மாறியிருக்கிறது, மைதானம் மாறியிருக்கிறது, ஊர் மட்டும் மாறவில்லை.

பாட்டக்கெட்டில் எல்லாம் மாண்டோர் என்ற ஒரு நல்ல மனிதரை நம்பியே இருந்தது. அவர் உயிரோடு இருந்தபோதே கொஞ்சம் பங்குகளையாவது ஊருக்கு எழுதி வைக்கும்படி யாராவது வற்புறுத்தியிருக்க வேண்டும். மைதானம் நகரத்துடையது, கூட்டம் நகரத்துடையது, அணி மட்டும் தனியார் சொத்து என்றால் அது என்ன கணக்கு?

வூஸ்டர்காரர்களும் நிம்மதியாக இருக்க முடியாது. புது மைதானத்துக்கு நகரம் பெருந்தொகை கடன் வாங்கியது. மைதானம் திறந்து 3 வருடம்கூட ஆகாத நிலையில், 2023 டிசம்பரில் அணியின் பெரும்பங்கு டைமண்ட் பேஸ்பால் ஹோல்டிங்ஸுக்கு விற்கப்பட்டது. நாடு முழுக்க மைனர் லீக் அணிகளை வாங்கிச் சேர்க்கும் நிறுவனம் அது. கடனைக் கட்டிக்கொண்டிருக்கும் வூஸ்டர் நகரம் அணியில் ஒரு பங்கு கேட்க வேண்டும், அடுத்து விற்கும்போது வாங்கும் முதல் உரிமை தனக்கு வேண்டும் என்று எழுதி வாங்க வேண்டும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அதைக் கேட்க வழி இருக்கிறது.