ஏஜென்ட் கையில டெர்மினல்

நேத்து எங்க டீம்ல ஒரு தம்பி பக்கத்துல உக்காந்து அவர் வேலை பாக்குறதப் பாத்துட்டிருந்தேன். கோடு எழுதி, டெர்மினல்ல கமாண்டையும் தானே ஓட்டுற ஏஐ ஏஜென்ட் ஒவ்வொரு கமாண்டுக்கும் ரன் பண்ணட்டுமான்னு கேக்குது, மொதல் நாலஞ்சு தடவ படிச்சுப் பாத்து என்டர் தட்டினாரு, அப்புறம் படிக்காமலே தட்டினாரு, பத்தே நிமிஷத்துல இனிமே கேக்காதங்கிற ஆப்ஷனையே போட்டுட்டாரு. திட்ட மனசு வரல.

ஆனா அந்த ஏஜென்ட் ஓடுறது அவரோட லாகின்ல. ஹோம் ஃபோல்டர்ல இருக்கிற, சர்வருக்குள்ள நுழையிற எஸ்எஸ்ஹெச் கீ, ப்ராஜெக்டோட ரகசியங்கள வைக்கிற டாட் இஎன்வி ஃபைல்ல கெடக்குற டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, எல்லாமே அது கைக்கு எட்டும். நீங்க டைப் பண்ண கட்டளையும் எவனோ ஒரு ப்ராஜெக்டோட ரீட்மிங்கிற விளக்க ஃபைல்ல எழுதி வச்ச வரியும் மாடலுக்கு ஒரே டெக்ஸ்ட்தான், எது உங்க பேச்சு எது ஊரான் பேச்சுன்னு உறுதியா பிரிச்சுப் பாக்க இன்னும் வழி வரல. 2022லயே சைமன் வில்லிசன்ங்கிற ப்ரோக்ராமர், இத வச்சு மாடல ஏமாத்துறதுக்கு பிராம்ப்ட் இன்ஜெக்ஷன்னு பேர் வச்சுட்டாரு.

2025ல கிட்ஹப் கோபைலட்ங்கிற கோடு எழுதுற ஏஐல ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு. ப்ராஜெக்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற ஒரு வரியப் படிச்சதும், விஎஸ் கோட்ங்கிற எடிட்டரோட செட்டிங்ஸ் ஃபைல்ல எதையும் கேக்காம ரன் பண்ணலாம்னு ஏஜென்ட் தானே எழுதிக்கும், அதுக்கப்புறம் பர்மிஷன்ங்கிற பேச்சே இல்ல. ஆகஸ்ட்ல அத அடைச்சாங்க. அதே மாசக் கடைசில டெவலப்பருங்க என்பிஎம்ங்கிற களஞ்சியத்துலேர்ந்து எடுத்துப் போட்டுக்கிற என்எக்ஸ்ங்கிற பேக்கேஜ்ல எவனோ விஷத்த வச்சுட்டான், இன்ஸ்டால் பண்ணதும் மெஷின்ல கிளாட், ஜெமினி, அமேசான் கியூ மாதிரி ஏஐ ஏஜென்ட் இருக்கான்னு பாக்கும், இருந்தா கேள்வி கேக்காத மோட்ல அதையே எழுப்பி கிரிப்டோ வாலட் எங்க, கீ எங்கன்னு தேடச் சொல்லும், கெடச்சத டெவலப்பரோட கிட்ஹப் அக்கவுண்ட்லயே பப்ளிக்கா ஏத்திடும். நாம வேலைக்கு வச்ச ஆளையே திருடன் வேலை வாங்கிட்டுப் போயிட்டான்.

கமாண்டப் படிச்சு அப்ரூவ் பண்றது டெவலப்பர் பொறுப்புன்னு பாலிசில ஒரு வரி எழுதிட்டு கம்பெனிங்க கையக் கழுவுறத என்னால ஏத்துக்கவே முடியல. நாள் பூரா கேட்டுட்டே இருந்தா எந்த மனுஷன் படிப்பான்? ஏஜென்ட்ட கேள்வி கேக்க வைக்கிறத விட, அதுக்கு எட்டுற தூரத்துல எதையும் வைக்காம இருக்கிறதுதான் பாதுகாப்பு.

நேத்தே அவர் லேப்டாப்ல, ஏஜென்ட்ட தனியா அடைச்சு ஓட்டுற பெட்டி மாதிரி ஒரு கண்டெய்னர் போட்டோம். ப்ராஜெக்ட் ஃபோல்டர் மட்டும் உள்ள, நெட்டு தேவையான ரெண்டு மூணு சைட்டுக்கு மட்டும். டாட் இஎன்விய தொறந்தா லைவ் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அப்படியே கெடக்கு. ஏன் தம்பி இதுன்னு கேட்டேன், "எப்பவோ ஒரு அவசரத்துக்குப் போட்டதுண்ணா"ன்னாரு. இன்னிக்குக் காலைல அந்த பாஸ்வேர்ட மாத்திட்டோம், மத்த ஏழு பேர் லேப்டாப்பும் நாளைக்குப் பாக்கணும்.