சிவப்பு முக்கோணமும் 1876-உம்

பாஸ் (Bass) என்ற பிரிட்டிஷ் பீரின் விளம்பர எனாமல் பலகையில் சிவப்பு முக்கோணம் இருந்தால் அது 1876-இல் செய்யப்பட்டது என்றும், காரைக்குடிப் பழம்பொருள் ஏலங்களில் அதற்கேற்ற விலை கொடுக்கலாம் என்றும் நண்பர் ஒருவர் இங்கே குறிப்பிட்டிருக்கிறார். அந்த முக்கோணம் பிரிட்டனின் முதல் வணிகச் சின்னமாக 1876 ஜனவரி 1 அன்று பதிவானது உண்மைதான். ஆனால் அது சின்னம் பதிவான தேதியே தவிர, பலகையின் வயது அன்று. (கட்டிய ஆண்டைச் சுதையில் பொறித்த நம் வீட்டு முகப்புகளைப் பார்த்துப் பழகிய கண் இப்படி எண்ணுவது இயல்பே.) அதே முக்கோணம் இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்து பயன்பாட்டில் இருந்தது. பிரிட்டன் அறிவுசார் சொத்துரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் வணிகச் சின்ன எண் 1-ஐத் தேடினால் பதிவுத் தேதியை எவரும் பார்த்துக்கொள்ளலாம். பலகையின் வயதை அறிய, கீழ் ஓரத்தில் துருவுக்கு அருகே பொடி எழுத்தில் தயாரிப்பாளர் பெயர் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். இருந்தால், அந்தத் தயாரிப்பாளர் இயங்கிய ஆண்டுகளே முக்கோணத்தைவிட நம்பத்தக்க சான்று.