அது மரூஉ இல்லை, குழூஉக்குறி

ஒரு முறை என் நீண்ட பதிவு ஒன்றின் கீழே, முகம் தெரியாத ஒருவர் நான்கே நான்கு ஆங்கில எழுத்தில் கருத்துப் போட்டிருந்தார்: 'டிஎல்டிஆர்'. ஏதோ பாராட்டு போலிருக்கிறது என்று நினைத்து, 'மிக்க நன்றி நண்பரே, உங்களைப் போன்றவர்கள் தரும் ஊக்கம்தான் எழுத வைக்கிறது' என்று பதில் போட்டுக் கைகூப்பும் பொம்மையும் வைத்தேன். அவர் அதற்கு ஒரு சிரிப்புப் பொம்மை போட்டார். நான் ஓர் இதயம் போட்டேன். நட்பு நன்றாக வளர்ந்துகொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்து அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, அவர் 'ரொம்ப நீளம், படிக்கல'ன்னு சொல்லியிருக்கார். நீங்க எதுக்கு அவருக்கு நன்றி சொல்லிட்டு இருக்கீங்க?"

படிக்காதவர் படிக்கவில்லை என்று சொல்வதற்காக அவ்வளவு தூரம் கீழே இறங்கி வந்திருக்கிறாரே என்பது தனி ஆச்சரியம். அது கிடக்கட்டும்.

இணையத்துச் சுருக்கங்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே 'மொழி கெட்டுப்போச்சு', 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சோம்பல்' என்று ஒரு கூட்டம் ஆரம்பித்துவிடும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சொல்லைச் சுருக்குவது தமிழுக்குப் புதிதா என்ன? தஞ்சாவூர் தஞ்சையானதும், என் தந்தை எந்தையானதும் சுருக்கம்தான். இலக்கணம் அதைத் திட்டவில்லை. மரூஉ என்று பெயர் வைத்து, இயல்பு வழக்கில் ஓர் இடமும் கொடுத்தது. ஆனால் நன்னூல் வழக்கு ஆறு என்று சொல்லும்போது, அந்த வரிசையின் கடைசியில் இன்னொன்றும் நிற்கிறது: குழூஉக்குறி. பொற்கொல்லர்கள் தங்களுக்குள் பொன்னைப் 'பறி' என்பார்கள், யானைப்பாகர்கள் ஆடையைக் 'காரை' என்பார்கள் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். கூட்டத்துக்குள் இருப்பவனுக்குப் புரியும், வெளியே நிற்பவனுக்குப் புரியாது. பல நேரம் புரியக்கூடாது என்பதற்காகவே அப்படி.

என் வாதம் இவ்வளவுதான். நாம் இணையத்தில் எழுதுவதை மரூஉ என்று நினைத்துக்கொள்கிறோம். அதில் பெரும்பாலானவை குழூஉக்குறி.

மரூஉ ஆனவையும் உண்டு. 'ஓகே'யை எடுத்துக்கொள்ளுங்கள். 1839-இல் பாஸ்டன் நகரப் பத்திரிகை ஒன்று அச்சிட்ட வேடிக்கை அது. 'ஆல் கரெக்ட்' என்பதை வேண்டுமென்றே 'ஓல் கொரெக்ட்' என்று தப்பும் தவறுமாக எழுதி, அதன் முதலெழுத்துகளை எடுத்தார்கள். அன்றைக்கு அது ஊர்க்காரர்கள் சிரித்துக்கொள்ளும் குழூஉக்குறி. இன்றைக்கு அதற்கு விரிவு கேட்கிறவன் இல்லை. ரேடார், லேசர், சிம் எல்லாமே அப்படிக் கரைந்துபோனவைதான். 'பின் நம்பர்' என்கிறோமே, அந்தப் 'பின்'னின் கடைசி ஆங்கில எழுத்தே நம்பரைத்தான் குறிக்கிறது. யாருக்கும் உறுத்தவில்லை.

ஆரம்பத்தில் இதற்கெல்லாம் நியாயமான காரணமும் இருந்தது. தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு. விசையைத் தட்டுகிறவர்கள் வாழ்த்தோடு விடைபெற '73' என்றும், அன்பும் முத்தமும் என்பதற்கு '88' என்றும் தட்டி முடித்துவிடுவார்கள். குறுஞ்செய்தி வந்தபோது ஒரு செய்திக்கு 140 பைட் என்று வரம்பு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டுக்கும் கொஞ்சம் குறைவாகவே போதும், ஆகவே 160 எழுத்து கொள்ளும். தமிழில் எழுதினால் ஒவ்வொரு குறிக்கும் இரண்டு பைட், ஆகவே 70. அந்த எழுபதையும் நம் எழுத்து என்று எண்ணிவிடாதீர்கள். புள்ளிக்கு ஒன்று, கொம்புக்கு ஒன்று, சுழிக்கு ஒன்று என்று கணக்குப் போகும். 'வந்துகொண்டிருக்கிறேன்' என்பது நம் கண்ணுக்குப் 11 எழுத்து, கருவிக்கு 21. மூன்று முறை வந்துகொண்டிருந்தால் 63 போய்விடும், எங்கே வந்துகொண்டிருக்கிறோம் என்று சொல்ல மிச்சம் 7. இந்த நிலையில் ஒருவன் ஆங்கில எழுத்தில் தமிழை நறுக்கி எழுதினால் அதை மொழித் துரோகம் என்று எப்படிச் சொல்வது? பல போன்களில் தமிழ் எழுத்தே கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. நானும் அப்படி எழுதிய ஆள்தான்.

(1992 டிசம்பர் 3-இல் போன உலகின் முதல் குறுஞ்செய்தி 'மெர்ரி கிறிஸ்துமஸ்' என்று முழுசாகவே இருந்தது. அனுப்பியவர் கணினி விசைப்பலகையில் தட்டினார். போனில் ஒரே பொத்தானை மூன்று நான்கு முறை அழுத்தி எழுத்து வரவழைக்கும் பாடு அவருக்கு இல்லை.)

இன்றைக்கு எழுத்துக்குக் காசு இல்லை, வரம்பு இல்லை, பாதி தட்டினால் மீதியைப் போனே எழுதிவிடுகிறது. காரணம் போன பிறகும் சுருக்கம் போகவில்லை. எழுத்தை மிச்சம் பிடிக்கும் வேலை முடிந்துபோய், யார் உள்ளே, யார் வெளியே என்று காட்டும் வேலையை அது எடுத்துக்கொண்டது. புதிதாக ஒரு வேலையில் சேர்ந்த முதல் வாரம், குழுவில் மேலாளர் 'நாளை நான் ஓஓஓ' என்று போட்டார். அலுவலகத்தில் இருக்கமாட்டேன் என்று ஆங்கிலத்தில் சொல்வதன் முதலெழுத்துகள் அவை. எனக்கு அது என்ன தெரியும்? யாரோ மலைத்துப்போய் இழுப்பது போலத்தான் தெரிந்தது. "என்ன சார் விசேஷம்?" என்று கேட்டுவிட்டேன். நாற்பது பேர் பார்த்த குழுவில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. அந்த மௌனம் எனக்குச் சொன்னது ஒன்றுதான்: நீ இன்னும் எங்கள் ஆள் ஆகவில்லை. பிறகு நானும் கற்றுக்கொண்டேன். அடுத்து வந்த புதியவர் திருதிருவென்று முழித்தபோது, வெட்கத்தோடு சொல்கிறேன், உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் சுகமாகத்தான் இருந்தது.

தெரியாதவர்கள் எல்லாம் சின்ன ஆட்கள் என்றும் இல்லை. டேவிட் கேமரூன் பிரிட்டிஷ் பிரதமராக இருந்தவர். 'எல்ஓஎல்' என்றால் 'நிறைய அன்பு' என்று நினைத்து அதைப் போட்டே செய்திகளை முடித்துக்கொண்டிருந்தார் என்று, பத்திரிகை நிர்வாகி ரெபெக்கா புரூக்ஸ் 2012-இல் விசாரணை ஒன்றில் சாட்சி சொன்னார். வாய்விட்டுச் சிரிக்கிறேன் என்று அதற்கு அர்த்தம் சொல்லிக்கொடுத்த பிறகு நிறுத்திவிட்டாராம். பாவம், அன்பைத்தான் அனுப்பினார்.

இதற்கு நேரெதிராக ஒருவர் எனக்குப் பிடித்தவர். 'ஓஎம்ஜி' என்ற சுருக்கத்துக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்று 1917-இல் ஃபிஷர் என்ற பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதம். அப்போது கிழவருக்கு எழுபத்தைந்து தாண்டியிருந்தது. மூன்று எழுத்தையும் புள்ளி வைத்து எழுதிவிட்டு, பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'ஓ! மை காட்!' என்று விரித்தும் எழுதியிருக்கிறார். படிப்பவர் திண்டாடக்கூடாது என்ற அந்த மரியாதை நமக்கு ஏன் இல்லாமல் போனது? எழுதுகிறவனுக்கு மிச்சம் இரண்டு நொடி. குழுவில் இருநூறு பேர் இருந்தால், தெரியாத அறுபது பேர் தனித்தனியாகத் தேடிப் பார்க்க வேண்டும். இதைச் சிக்கனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு ஜந்து இருக்கிறது, 'கே'. 'ஓகே' என்ற இரண்டெழுத்திலும் ஒன்றை வெட்டியது. நண்பர் ஒருவருக்கு, சொன்ன நேரத்துக்கு வரமுடியாமல் போனதன் காரணத்தை எட்டு வரியில் எழுதி மன்னிப்பும் கேட்டிருந்தேன். வந்த பதில் 'கே'. அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க அந்த ஓர் எழுத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். கோபமா, அவசரமா, வண்டி ஓட்டிக்கொண்டே தட்டியதா? 'சரி'க்கு இரண்டெழுத்து, 'சரிப்பா'வுக்கு நான்கு. அந்த 'ப்பா' இருந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். நம் 'ம்'முக்கும் ஓர் எழுத்துதான், ஆனால் அது காதால் கேட்க வேண்டிய எழுத்து. நேரில் அதற்கு இருபது ராகம் உண்டு, திரையில் ஒன்றுகூட இல்லை.

அம்மா போனபோது வந்த செய்திகளில் பாதிக்கு மேல் 'ஆர்ஐபி', அமைதியாக உறங்கட்டும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். கோபப்பட்டேன் என்று சொன்னால் பொய். அதே மாதத்தில் நானே வேறு மூன்று பேரின் பதிவுகளுக்குக் கீழே அந்த மூன்றெழுத்தைப் போட்டுவிட்டு நகர்ந்திருந்தேன். ஆனால் இன்றும் நினைவில் இருப்பது பழைய சக ஊழியர் ஒருவர் அனுப்பியது: 'என்ன எழுதறதுன்னு தெரியலப்பா. நாலு தடவை எழுதி அழிச்சிட்டேன்.' அதற்குப் பிறகு நான் அந்த மூன்றெழுத்தைப் போடுவதில்லை.

மற்றபடி இப்போதெல்லாம் புரியாவிட்டால் வெட்கப்படாமல் கேட்டுவிடுகிறேன். போன வாரம் பழைய வகுப்புத் தோழர்கள் குழுவில் ஒருவன் நீளமாக அரசியல் எழுதி, முன்னால் 'ஐஎம்எச்ஓ' என்று போட்டிருந்தான். "இதுக்கு என்னடா விரிவு?" என்றேன். 'என் தாழ்மையான கருத்தில்' என்றான் ஒருவன். இல்லை, 'என் நேர்மையான கருத்தில்' என்றான் இன்னொருவன். இரண்டு விதமாகவும் உலகத்தில் புழங்குகிறது என்பதால் இரண்டு பேருமே தேடி எடுத்து ஆதாரம் காட்டினார்கள். அரசியல் அப்படியே நின்றுபோய், தாழ்மைக்கும் நேர்மைக்கும் இரவு பதினொன்றரை வரை சண்டை நடந்தது. கடைசியில் முதலில் போட்டவனையே கேட்டார்கள். ரொம்ப நேரம் 'டைப்பிங்' என்று காட்டிக்கொண்டே இருந்தது. பிறகு வந்தது: "தெரியலடா. எல்லாரும் போடறாங்களேன்னு போட்டேன்."