தாக்குதல் விளம்பரம் 1964-இல் பிறந்ததா?

"எதிராளியைத் தாக்கும் தேர்தல் விளம்பரம் 1964-இல், அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனின் டெய்ஸி விளம்பரத்தோடுதான் (பூவிதழ் பிய்க்கும் சிறுமியையும் அணுகுண்டு வெடிப்பையும் காட்டிய டிவி விளம்பரம்) தொடங்கியது, டிவி வராத காலத்தில் அரசியல் நாகரிகமாக இருந்தது" என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. இது தவறு.

1934-இல் நடந்த கலிபோர்னியா ஆளுநர் தேர்தலைப் பாருங்கள். (அங்கே ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள்.) வறுமையை ஒழிப்போம் என்று ஜனநாயகக் கட்சி சார்பில் நின்றவர் எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர். அவரை வீழ்த்த கிளெம் விட்டேக்கர், லியோன் பாக்ஸ்டர் என்ற இருவரின் பிரசார நிறுவனமும் இறங்கியது. அவர்கள் அவருடைய நாவல்களைத் துருவினார்கள். கதாபாத்திரங்கள் பேசிய வசனங்கள் சின்க்ளேரின் சொந்தக் கருத்துகளாக லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழின் முதல் பக்கத்தில் கட்டம் கட்டி வெளியாயின. எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய அநியாயம் இல்லை.

ஹாலிவுட்டின் எம்ஜிஎம் ஸ்டுடியோ இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் தலைவர் லூயி மேயர் மாநிலக் குடியரசுக் கட்சியிலும் முக்கியப் புள்ளி. அங்கே தயாரிப்பாளராக இருந்த இர்விங் தால்பெர்க் மேற்பார்வையில் செய்திப்படம் போன்ற குறும்படங்கள் தயாராயின. நடிகர்களையும் பொதுமக்களைப் போலப் பேசவைத்தார்கள். திரையரங்குகளில் அவற்றைப் பார்த்தவர்கள் செய்தி என்றே நம்பினார்கள்.

குடியரசுக் கட்சி வேட்பாளர் பிராங்க் மெரியம் சுமார் 11.4 லட்சம் வாக்குகள் பெற்று வென்றார். சின்க்ளேருக்குக் கிடைத்தவை சுமார் 8.8 லட்சம். விளம்பரம் மட்டுமே தோற்கடித்தது என்பதும் மிகை. மூன்றாவது வேட்பாளர் ரேமண்ட் ஹைட் 3 லட்சம் வாக்குகளைப் பிரித்தார். அதிபர் ரூஸ்வெல்ட்டும் சொந்தக் கட்சி வேட்பாளரான சின்க்ளேருக்கு ஆதரவுக் குரல் கொடுக்கவில்லை.