வர்த்தக ஒப்பந்தத்தில் மருந்து விலை ஒளிந்திருக்கும் இடம்

எந்த நாடு வர்த்தக ஒப்பந்தம் போட்டாலும் பேச்செல்லாம் சுங்க வரியைச் சுற்றித்தான். மருந்து விலையை ஏற்றிவிடும் பிரிவுகள் அறிவுசார் சொத்துரிமை அத்தியாயத்தில் இருக்கின்றன. அதைப் புரட்டுகிறவர்களில் பலரும் காப்புரிமை எத்தனை ஆண்டு என்று மட்டும் பார்க்கிறார்கள். அந்த 20 ஆண்டுகள் 1995-இல் நடைமுறைக்கு வந்த டிரிப்ஸ் (உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை) ஒப்பந்தத்திலேயே உண்டு. நான் முதலில் தேடச் சொல்வது தரவுத் தனியுரிமையை, அதாவது மருந்துச் சோதனைத் தரவு சில ஆண்டுகளுக்கு முதல் நிறுவனத்துக்கு மட்டுமே பயன்படும் என்ற உரிமையை.

ஜெனரிக் மருந்து, அதாவது முதல் நிறுவனத்தின் மருந்தையே வேறொருவர் தயாரிப்பது, ஏன் மலிவு? அதைத் தயாரிப்பவர் ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் மறுபடி சோதனை நடத்துவதில்லை. மருந்து வேலை செய்யும் என்பதை முதல் நிறுவனம் ஏற்கெனவே நிரூபித்துவிட்டது. சில டஜன் தன்னார்வலர்களுக்கு மூல மாத்திரையையும் ஜெனரிக் மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்து, ரத்தத்தில் சேரும் அளவும் வேகமும் ஒன்றுதானா என்று பார்ப்பார்கள். இரண்டின் அளவுகளுக்கும் உள்ள விகிதத்தின் 90 சதவீத நம்பக இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை) 80 சதவீதத்துக்கும் 125 சதவீதத்துக்கும் இடையே அடங்கினால் விற்பனைக்கான பதிவு கிடைக்கும்.

தரவுத் தனியுரிமை கைவைப்பது இந்த இடத்தில்தான். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு முதல் நிறுவனத்தின் சோதனை முடிவுகளைச் சார்ந்து வேறு யாருக்கும் அனுமதி தரக்கூடாது என்று மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் கையைக் கட்டிவிடுகிறது. அமெரிக்காவில் புதிய வேதிப்பொருளுக்கு 5 ஆண்டு, உயிரணுக்களைக் கொண்டு தயாரிக்கும் உயிரியல் மருந்துக்கு 12 ஆண்டு. வேண்டுமானால் சோதனையை நீங்களே நடத்துங்கள் என்பார்கள். குணமாக்கும் என்று தெரிந்த மருந்தைப் பாதி நோயாளிகளுக்குக் கொடுக்காமல் வைத்துச் சோதிப்பது அறமா?

இதற்குக் காப்புரிமையே தேவையில்லை என்பதுதான் கொடுமை. கவுட் என்ற மூட்டுவலி நோய்க்கு நூற்றாண்டுகளாகப் பயன்படும் கோல்சிசினை எடுத்துக்கொள்ளுங்கள். 2009-இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் புதிதாகச் சில சோதனைகள் நடத்தி, கவுட்டுக்கு 3 ஆண்டு, ஓர் அரிய பரம்பரைக் காய்ச்சலுக்கு 7 ஆண்டு தனியுரிமை பெற்றது. முறையான அனுமதி இல்லாமல் விற்றுவந்த மற்ற தயாரிப்புகள் வெளியேற்றப்பட்டன. 9 சென்ட் அளவில் இருந்த மாத்திரை 5 டாலரை நெருங்கியது. அது உள்நாட்டுச் சட்டம். ஆனால் பழைய மருந்தின் புதிய சோதனைக்கு 3 ஆண்டு என்ற அதே விதி தென்கொரியா, ஆஸ்திரேலியாவுடன் அமெரிக்கா செய்த ஒப்பந்தங்களிலும் ஏறியிருக்கிறது.

காப்புரிமையாளரின் சம்மதம் இல்லாமலே வேறொருவர் தயாரிக்க அரசு தரும் கட்டாய உரிமமும் இங்கே தடுக்கி விழும். 2012 மார்ச்சில் இந்தியா சொராஃபெனிப் என்ற புற்றுநோய் மருந்துக்குக் கட்டாய உரிமம் கொடுத்தது. ஒரு மாத மருந்தின் விலை சுமார் 2,80,000 ரூபாயிலிருந்து 8,880 ரூபாய்க்கு வந்தது. தரவுத் தனியுரிமை உள்ள நாட்டில், அதற்கு விதிவிலக்கு எழுதி வைக்காவிட்டால், தயாரிக்க உரிமம் இருக்கும், விற்கப் பதிவு இருக்காது.

டிரிப்ஸ் கட்டாயப்படுத்துகிறது என்று சொல்லி இதை நியாயப்படுத்துபவர்களை நம்பாதீர்கள். அதன் 39.3-ஆவது பிரிவு, தரவை முறையற்ற வணிகப் பயன்பாட்டிலிருந்து காக்கச் சொல்கிறது. ஆண்டுக் கணக்கு எதுவும் அதில் இல்லை.

இன்னொரு கண்ணி டிரிப்ஸின் 4-ஆவது பிரிவு. ஒரு நாட்டுக்கு மட்டும் சுங்க வரியைக் குறைப்பதற்குத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தங்களில் இடமுண்டு. அறிவுசார் சொத்துரிமையில் அந்த விதிவிலக்கு கிடையாது. ஒரு நாட்டின் நிறுவனங்களுக்கு அதிகப் பாதுகாப்பு கொடுத்தால், உலக வர்த்தக அமைப்பின் மற்ற எல்லா உறுப்பு நாட்டு நிறுவனங்களுக்கும் அதையே கொடுத்தாக வேண்டும். பேரம் ஒருவரோடு, விலை எல்லோருக்கும்.

நிறுவனங்கள் அரசு மீது நேரடியாக வழக்குப் போட வழிவைக்கும் முதலீட்டு அத்தியாயத்தையும் விடாதீர்கள். இரண்டு காப்புரிமைகளை நீதிமன்றங்கள் செல்லாது என்றதற்காக எலி லில்லி என்ற அமெரிக்க மருந்து நிறுவனம் நாஃப்டா எனப்பட்ட வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் கனடா மீது வழக்குப் போட்டது. 2017-இல் தோற்றது. ஆனாலும் வழக்கை நடத்தும் பாடு கனடாவுக்கு.

ஒப்பந்த வரைவு கிடைத்தால் முதலில் பார்க்க வேண்டியது தனியுரிமைக் காலம் எந்த நாளில் தொடங்குகிறது என்பதை. உள்நாட்டில் அனுமதி பெற்ற நாள் என்றிருந்தால், நிறுவனம் தாமதமாக விண்ணப்பித்தே காலத்தை இழுத்துக்கொள்ளலாம். அமெரிக்கா–பெரு ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு வழி வைத்தார்கள். அமெரிக்க அனுமதியைச் சார்ந்து, முழு விண்ணப்பம் வந்த 6 மாதத்துக்குள் பெரு அனுமதி கொடுத்துவிட்டால், காலம் அமெரிக்க அனுமதி நாளிலிருந்தே ஓடும். பொதுச் சுகாதாரத்துக்கான விதிவிலக்கும் அதே பிரிவில் உண்டு. தரவுத் தனியுரிமையை ஏற்காமல் வருவதே சரி. முடியாத நிலையில் இந்த இரண்டு வாசகங்களையாவது வாங்காமல் எந்த அரசும் கையெழுத்திடக்கூடாது. அதைக் கேட்க, வரைவு கையெழுத்துக்கு முன்பே மக்கள் கைக்கு வர வேண்டும்.